அடுக்குமாடியா, தனி வீடா? சுவரைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்!

வேலந்தாவளத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், இரண்டு மாநிலங்களின் பிழைப்பும் ஒரே சாலையில் போய்க்கொண்டிருப்பது தெரியும். காய்கறிச் சந்தையிலிருந்து மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒரு பக்கம். கோவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கடைச் சிப்பந்திகள் ஒரு பக்கம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பாலக்காட்டு அலுவலகங்களுக்கும் போகிறவர்கள் இன்னொரு பக்கம். இங்கே இருந்த விற்பனை வரிச் சோதனை 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாநில எல்லை எல்லையாகத்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் நாள் ஒன்று உண்டு. வீடு வாங்கக் கிளம்பும் நாள்தான் அது.

"எத்தனை காலந்தான் வாடகை கொடுப்பது?" என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் எழுகிறது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வி வருகிறது. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குவதா, வரிசையாகக் கட்டி விற்கும் ஒட்டு வீடுகளில் ஒன்றை வாங்குவதா, அல்லது நாலு சென்ட் வாங்கித் தனியாகக் கட்டிக்கொள்வதா?

வசதி படைத்தவர்களுக்கு இது ருசியைப் பொறுத்த விஷயம். ஒன்று பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அப்படியல்ல. வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. முதிர்வுத் தொகை, மனைவியின் நகை, பத்துப் பதினைந்து வருஷச் சம்பளத்தின் மேல் வாங்கும் கடன் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தடவையாக வைத்துத்தான் அவர்கள் வீடு வாங்குகிறார்கள். தவறிப்போனால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஒரு குடும்பம், மூன்று வீடுகள்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். கணவருக்கு 43 வயது. கஞ்சிக்கோட்டில் குமாஸ்தா வேலை. 58 வயதில் ஓய்வு. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் படியேற முடியாத வயதான தாயார். கையில் 12 லட்சம் இருக்கிறது. 20 லட்சம் கடன் வாங்கலாம் என்று எண்ணம்.

அவர்கள் முன் மூன்று வீடுகள் இருக்கின்றன. கோவைப் பக்கம் மூன்றாவது மாடியில் 900 சதுர அடி அடுக்குமாடி வீடு ஒன்று. அதே பக்கம் புறநகரில் இரண்டரை சென்ட்டில் இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட ஒட்டு வீடு ஒன்று. வேலந்தாவளத்துக்கு அருகிலேயே நாலு சென்ட்டில் சிறிய தனி வீடு ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை, 32 லட்சம் என்றே கொள்ளலாம்.

மனைவிக்கு அடுக்குமாடி பிடித்திருக்கிறது. "ஏனுங்க, பூட்டைப் போட்டுட்டு நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வரலாமுங்க. வாட்ச்மேன் இருக்கறாரு, தண்ணி வருது" என்கிறார். தாயாருக்கோ மண்ணில் கால் வைக்க வேண்டும். "ஏங் கண்ணு, ஒரு முருங்கை மரம் வெக்க எடமில்லாம அதென்ன வீடு?" என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் பேசுவது சுவருக்கு உள்ளே இருக்கும் சௌகரியத்தைப் பற்றி. பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சுவருக்கு அடியில் இருக்கும் மண்.

மண்ணில் உங்கள் பங்கு எவ்வளவு?

கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும். மண் பழசாவதில்லை. ஆகவே வாங்கும் விலையில் எவ்வளவு மண் தன் பெயருக்கு வருகிறது என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 20 சென்ட் நிலத்தில் ஒரே அளவான 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடி இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்த நிலம் 8,712 சதுர அடி. ஒரு வீட்டுக்கு வரும் பங்கு 363 சதுர அடி. அதாவது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் 'இந்த மூலை என்னுடையது' என்று வேலி போட முடியாத, பிரிக்கப்படாத பங்கு. இரண்டரை சென்ட் ஒட்டு வீட்டில் 1,089 சதுர அடி வரும். நாலு சென்ட் தனி வீட்டில் 1,742 சதுர அடி வரும்.

இதனால் அடுக்குமாடி வீடு மட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நகரத்து நடுவில் உள்ள முக்கால் சென்ட், ஊர்க் கோடியில் உள்ள நாலு சென்ட்டைவிட மதிப்பு மிகுந்ததாக இருக்கலாம். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் எண்ணால் எழுதியிருக்க வேண்டும். சில இடங்களில் எல்லா வீட்டுக்காரர்களின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வராது. மிச்சம் கட்டியவர் பெயரிலேயே இருக்கும். நாளைக்கு மேலே இன்னும் ஒரு மாடி எழும்பினால் கேட்க முடியாத நிலைமை அதனால்தான் வருகிறது.

இந்தப் பங்கு எதற்கு உதவும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். கோவை சிங்காநல்லூரில் உழவர் சந்தைக்கு அருகே, தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1980-களில் கட்டிய 900-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள குடியிருப்பே சாட்சி. 40 வருஷம் ஆவதற்குள் கூரைக் காரை பெயர்ந்து, கம்பி தெரிந்து, குடியிருக்கத் தகாத நிலைக்குக் கட்டடங்கள் வந்துவிட்டன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் தற்காலிகமாக வேறிடம் போக வேண்டும் என்றால் இழுக்காமல் என்ன செய்யும்? ஆனாலும் அந்தக் குடும்பங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. சுவர் போனாலும் மண்ணில் பங்கு இருந்தது. அந்தப் பங்குதான் அவர்களைப் பேச்சுவார்த்தையில் உட்கார வைத்தது.

இப்படிப்பட்ட இழுபறியைத் தவிர்க்கத்தான் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. 2024-இல் அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். கேரளத்தில் இதற்கென 1983-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.

உறுதியான சுவரும் விழும்

பங்கு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அந்த மண்ணில் கட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

கொச்சியை அடுத்த மரடு விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல் ஓரத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006-இல் அன்றைய பஞ்சாயத்து கொடுத்த அனுமதியின் பேரில் எழும்பியவை. வீடு வாங்கியவர்களில் பலர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டவர்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டியவை என்று சொல்லி, அவற்றை இடிக்கும்படி 2019 மே 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 300-க்கும் மேற்பட்ட வீடுகள் சில விநாடிகளில் தூளாயின. இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் வரை கொடுக்க உத்தரவாயிற்று. அந்தக் கட்டடங்களின் சுவரில் குறையில்லை, லிப்ட் ஓடியது, தண்ணீர் வந்தது. குறை இருந்தது காகிதத்தில்!

சுவரிலேயே குறை இருந்ததும் உண்டு. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

தனி வீடு என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதும் தவறு. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலூகாவில் 1999-இல் கொடுக்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட பட்டயங்கள் முறைப்படி வழங்கப்பட்டவை அல்ல என்று சொல்லி, அவற்றை ரத்து செய்ய 2022 ஜனவரியில் கேரள அரசு உத்தரவிட்டது. பட்டயம் கையில் இருக்கிறது, வீடு இருக்கிறது, அடுப்பு எரிகிறது. ஆயினும் 20 வருஷத்துக்குப் பிறகு கேள்வி எழுந்தது. அடுக்குமாடியானாலும் தனி வீடானாலும் காகிதம் சரியில்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

'நிலம்' என்றால் என்ன?

எல்லையில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. இரண்டு மாநிலத்திலும் பத்திரப் பாஷை வேறு வேறு.

தமிழ்நாட்டில் தாய்ப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்பவை எல்லோருக்கும் பழக்கமான சொற்கள். பாலக்காட்டுப் பக்கம் பத்திரத்தை 'ஆதாரம்' என்பார்கள். பழைய பத்திரம் 'முன் ஆதாரம்'. வில்லங்கச் சான்று 'பாத்யதா சர்டிபிகேட்'. பெயர் மாற்றம் 'போக்குவரவு'. அது முடிந்தால்தான் வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் உங்கள் பெயரில் 'தண்டப்பேர்' எண் விழும். நிலவரி 'கரம்'. அதற்குரிய ரசீதும், நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதைக் காட்டும் 'கைவச சர்டிபிகேட்'டும் இல்லாமல் பாங்கில் கடன் கேட்க முடியாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் 'நிலம்'. தமிழில் எந்தப் பூமியும் நிலந்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல் வயல் என்று பொருள். வீடு கட்டக்கூடிய மேட்டு நிலம் 'புரயிடம்' என்று எழுதப்பட்டிருக்கும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை நிரப்பி வீடு கட்டுவதற்குக் கடுமையான தடைகள் இருக்கின்றன. சித்தூர் தாலூகாவில் இது சாதாரண விஷயமல்ல. பல வருஷமாகத் தரிசாய்க் கிடந்து, தென்னை நட்டு, பார்வைக்கு மேட்டு நிலமாகவே தெரியும் இடம் பதிவேட்டில் 'நிலம்' என்று இருக்கும். விலையும் மலிவாகச் சொல்வார்கள். வில்லேஜ் ஆபீஸில் வரிப் பதிவேட்டையும், கிருஷி பவனில் நெல்வயல் விவரப் பட்டியலையும் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர்கள், பின்பு வீடு கட்டும் அனுமதிக்காகப் படியேறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுப் பக்கமும் பொறி இருக்கிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று சொல்லி விற்றவை பல, நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெறாதவை. இத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் அந்த வழி. ஒட்டு வீடோ தனி வீடோ, அது நிற்கும் மனைக்கு அங்கீகார எண் உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரத்தைத் தரகரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. விற்பனையோடு சம்பந்தமில்லாத வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் சில ஆயிரங்கள் வீணான செலவல்ல. அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுத இப்பகுதித் தமிழர்களுக்குக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொதுச்சுவரின் பாடம்

ஒட்டு வீடு என்பது ஏதோ புது நாகரிகம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாலக்காட்டுக்காரர்களுக்கு அது புதிதல்ல. கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்ந்தார்கள். குறைந்த இடத்தில் தெருவைப் பார்த்த திண்ணை, பின்னால் கிணறு என்று எல்லாம் அமைந்தன. ஒருவர் வீட்டுச் சுவரை அடுத்தவர் வீடு தாங்கியது.

சாமானியர்களுக்கும் பொதுச்சுவர் வந்தது. 1972-இல் அச்சுத மேனோன் அமைச்சரவையில் எம்.என். கோவிந்தன் நாயர் கொண்டுவந்த லட்சம் வீடு திட்டத்தில், பஞ்சாயத்துதோறும் ஏழைகளுக்கு வீடுகள் கட்டினார்கள். அவற்றில் பல, ஒரே சுவரின் இரு பக்கமும் இரு குடும்பங்கள் வாழும் இரட்டை வீடுகள். செலவு குறைந்தது, ஆயிரக்கணக்கானோருக்குக் கூரை கிடைத்தது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு குடும்பத்துக்கு வசதி வந்து இடித்துக் கட்ட நினைத்தால் அடுத்த குடும்பத்தின் சுவர் போகும். இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றித் தர அரசே பிற்பாடு திட்டம் போட வேண்டி வந்தது.

ஆகவே ஒட்டு வீடு வாங்குகிறவர்கள் பொதுச்சுவர் யாருடையது, அதில் மேல்மாடி எழுப்ப யாருக்கு உரிமை, வடிகாலும் பாதையும் யார் பெயரில் என்பவற்றைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். இன்றைக்குப் பக்கத்து வீட்டார் சிநேகிதராக இருக்கலாம். நாளைக்கு அந்த வீட்டை வாங்கி வருகிறவர் யாரோ!

மாதா மாதம் போகும் பணம்

இனிக் கணக்கு. 20 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்கு மேல். அதையே 15 வருஷத்துக்கு என்றால் தவணை சுமார் 20,300. மொத்தம் 36½ லட்சம். மாதம் 2,300 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஆறரை லட்சம் மிச்சம். 43 வயதுக்காரருக்கு 20 வருஷக் கடன் என்றால் 63 வயது வரை தவணை ஓடும். சம்பளமோ 58-இல் நின்றுவிடும். தவணையைக் குறைத்துக் காட்டும் பாங்கு அதிகாரி இதைச் சொல்ல மாட்டார். சொந்தமாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடியில் கடன் தீர்ந்தாலும் தீராத தவணை ஒன்று உண்டு. அதுதான் பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு 3 ரூபாய் என்று வைத்தாலே 900 சதுர அடிக்கு மாதம் 2,700, வருஷத்துக்கு 32,400. லிப்ட், மோட்டார், காவல் எல்லாம் அதில்தான். வேலை இருக்கும்போது சுலபம். ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் குறைவாக உள்ளவர்களுக்கு அது வாடகை போலவே கனக்கும். தனி வீட்டில் இந்தச் செலவு இல்லையென்று எண்ண வேண்டாம். கூரை ஒழுகினாலும் மோட்டார் கெட்டாலும் ஒருவரே முழுதும் கொடுக்க வேண்டும். மாதா மாதம் போவதற்குப் பதில் திடீரென்று வந்து நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிவுச் செலவையும் மறக்கக் கூடாது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 32 லட்சத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து 7-ம் 2-ம் சேர்த்து 9 சதவீதம். அதே தொகைக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு அங்கே குறைந்த விகிதம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பணத்தையும் ஒதுக்கி வைத்த பிறகே வீட்டு விலை பேச வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. சுவருக்குள் உண்மையில் கால் வைத்து நடக்கும் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மாடிப்படி, நடைபாதையெல்லாம் சேர்த்து '900' என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கென்று தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டடத்தில் குறை தெரிந்தால் 5 வருஷம் வரை கட்டியவர் பொறுப்பு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு உட்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் பதிவு கட்டாயமில்லை. புறநகரில் ஆறு வீடு, எட்டு வீடு என்று எழும்பும் சிறு கட்டடங்கள் இப்படித்தான் பிடியில் சிக்காமல் போகின்றன. அங்கே வாங்குகிறவரே இன்ஸ்பெக்டராகவும் இருக்க வேண்டும்.

தண்ணீரும் மண்ணோடு சேர்ந்ததே

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைந்த பூமி. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்குகளில், கேரளத்திலேயே நிலத்தடி நீர் மிக அதிகமாக உறிஞ்சப்படும் வட்டாரங்களில் ஒன்றாகச் சித்தூர் இடம்பெற்று வந்திருக்கிறது. 2002-இல் பிளாச்சிமடையில் தொடங்கிய தண்ணீர்ப் போராட்டம் இதே தாலூகாவில் நடந்ததுதான். நாலு சென்ட் மனையில் போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த போருக்கு இடம் எங்கே? பக்கத்து வீடுகளில் எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர், கோடையில் நிற்கிறதா, பஞ்சாயத்துக் குழாய் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று சித்திரை மாதத்தில் போய் விசாரிக்க வேண்டும். ஐப்பசியில் பார்த்தால் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

யாருக்கு எது பொருந்தும்?

இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளிகளின் நிலைமை எல்லோரிலும் கடினமானது. வேலை இருக்கும் வரைதான் லயத்தில் வீடு. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அடியில் உள்ள மண்ணில் ஓர் அங்குலம் அவர்கள் பேரில் இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 பேர் மாண்டார்கள். இவர்கள் ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பும்போது கையில் வரும் பணம், பணிக்கொடையும் வைப்பு நிதியும்தான். அதில் கடன் இல்லாமல், பராமரிப்புக் கட்டணம் இல்லாமல், இரண்டு சென்ட்டானாலும் தன் பேரில் மண் உள்ள சிறு வீடே பொருந்தும். மூன்றாவது மாடியில் வீடு வாங்கினால், மாதாந்திரக் கட்டணத்துக்கே முதியோர் வேலை தேட வேண்டியிருக்கும்.

நகரத்தில் இருவரும் வேலைக்குப் போகும் இளந்தம்பதிக்கு அடுக்குமாடி சௌகரியமே. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம். பஸ் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம். மாற்றல் வந்தால் வாடகைக்கும் விடலாம். பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, பதிவு எண் என்ன, கட்டி முடித்த சான்று உண்டா என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

நடுவயதுக் குமாஸ்தாக்களுக்கு, காகிதம் சுத்தமாக இருக்குமானால், சிறிய தனி வீடோ ஒட்டு வீடோ ஏற்றது. கீழ்த்தளத்தில் பெரியவர்கள் இருக்கலாம். பிற்பாடு மேலே ஒரு அறை எழுப்பி வாடகைக்கு விட்டால் ஓய்வுக்காலத்தில் கைச்செலவுக்காகும்.

இனி முதலில் சொன்ன குடும்பம். அவர்கள் மூன்று வீட்டுக் காகிதத்தையும் வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம். நாலு சென்ட் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் அது போயிற்று. ஒட்டு வீட்டு மனைக்கு அங்கீகார எண் இல்லாவிட்டால் அதுவும் போயிற்று. மிஞ்சுவது அடுக்குமாடி என்பதற்காக, படியேற முடியாத தாயாரை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்பதில்லை. லிப்ட் நின்ற நாளில் அவர் கைதியாகிவிடுவார். மூன்றையும் விட்டுவிட்டு, இன்னும் ஆறு மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு, புரயிடம் என்று பதிவான இடத்தில் மூன்று சென்ட் தேடுவதே புத்திசாலித்தனம். ஆறு மாத வாடகை நஷ்டமல்ல. அவசரப்பட்டு வாங்கிய வீடுதான் ஆயுள் முழுக்க நஷ்டம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். அடுக்குமாடியா, தனி வீடா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். அதற்கு முன் மண் யார் பேரில், காகிதம் யார் கொடுத்தது, தண்ணீர் எங்கிருந்து, தவணை எந்த வயது வரை என்ற நான்கையும் கேட்டு, நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முன்பணம் கொடுக்கலாம்.